நீலம் பூசிய கம்பி

அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்று சொல்கிறவர்கள் அவளைச் சரியாகப் பார்த்ததில்லை. காலையில் கடையின் ஷட்டரைத் தூக்கும்போதே அது தோளில் ஏறி உட்கார்ந்துவிடும். சாயங்காலம் ஷட்டரை இழுத்துப் பூட்டும்வரை இறங்காது. அவள் கணவர் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். உலகத்தில் எல்லாவற்றுக்கும் மாத்திரை வந்துவிட்டது, என் வீட்டுக்காரிக்கு மட்டும் எந்தக் கம்பெனிக்காரனும் கண்டுபிடிக்கவில்லை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். தெருவில் அவளுக்கு வைத்திருந்த பெயர் ரம்பம். பேசியே அறுக்கிறவர்களுக்குத்தான் பொதுவாக அந்தப் பெயர் வைப்பார்கள். அவள் அப்படி நீட்டி முழக்குகிற ஆள் இல்லை. ஒரே இழுப்பு, எதிரில் நிற்பவர் இரண்டு துண்டு.

அவள் விற்றது உலோகம். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. கை நீளத்துக்கு ஓர் அலுமினியப் பட்டை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, கட்டைவிரல் தடிமனில் ஒரு முழ எஃகுக் கம்பி. எது கேட்டாலும், எவ்வளவு கேட்டாலும், அளந்து அறுத்து, முனையின் பிசிறை அரத்தால் தேய்த்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

அந்தக் கடையே ஒரு கோபத்தில் பிறந்ததுதான். சின்ன வயதில் அவள் ஒரு பெரிய எஃகுக் கிடங்கில் தொலைபேசி எடுக்கும் வேலையில் இருந்தாள். லாரி லோடு வேண்டுமென்றால் பேசுங்கள், இல்லையென்றால் வையுங்கள் என்று சொல்வதுதான் வேலை. அதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். தையல் இயந்திரத்தில் உடைந்துபோன ஒரு கம்பிக்காக ஒரு தையல்காரர் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடி அறைக்குள் இருந்த முதலாளி சிரித்துக்கொண்டே, "அந்த ஒரு முழம் பார்ட்டிய இன்னும் நீ கழட்டி விடலியா?" என்று கேட்டார். அவள் ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்தாள். "ஒரு முழம் கேக்கிறவனுக்கும் வேலை நிக்குது சார்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். திரும்பிப் போகவேயில்லை.

தனியாகக் கடை போட வசதி இல்லை. ஊர் ஊராக ஒரே மாதிரிக் கடைகளை நடத்த ஒரு கம்பெனி கிளை உரிமை கொடுத்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டாள். பெயர்ப்பலகை அவர்களுடையது, சட்டையின் நிறம் அவர்களுடையது, சுவரின் வண்ணம்கூட அவர்கள் சொன்னதுதான். வாடகையும் வியர்வையும் வாடிக்கையாளரின் வசவும் மட்டும் அவளுடையவை. உள்ளே வருகிறவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. முதல் வாரம் முயன்று பார்த்தாள். வந்தவர்கள் பயந்து பின்வாங்கினார்கள். அதோடு விட்டுவிட்டாள்.

அந்தத் தொழிலில் ஒரு விஷயம் உண்டு. எஃகுக் கம்பிகள் எல்லாம் பார்வைக்கு ஒரே முகம்தான். வளைக்கக்கூடிய கம்பியும் வளைத்தால் முறிகிற கம்பியும் பக்கத்துப் பக்கத்தில் பளபளவென்று கிடக்கும். அதனால் ஒவ்வொரு கம்பியின் ஒரு முனையில் மட்டும் வண்ணம் அடித்து வைப்பார்கள். அவள் கடையில் நீலம் என்றால் சாதாரண எஃகு, தாராளமாகப் பற்றவைக்கலாம். சிவப்பு என்றால் கடைசல் எஃகு. லேத்தில் கொடுத்தால் சுலபமாகச் சீவ வரும், ஆனால் வெல்டிங் வைத்தால் பற்றின இடத்தில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். எப்போதும் வண்ணம் இல்லாத முனையிலிருந்துதான் அறுக்க வேண்டும். மறந்துபோய் வண்ண முனையை அறுத்து விற்றுவிட்டால், மிச்சக் கம்பி என்ன ஜாதியென்று கடவுளுக்குத்தான் தெரியும். அப்படி நிறம் போன கம்பியை அவள் ஒரு நிமிடம்கூட வைத்திருக்க மாட்டாள். எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, நேராகப் பழைய இரும்புத் தொட்டி. இதில் அவளிடம் பேரம் கிடையாது.

பேரம் பேசியது ஏரியா மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டையும் தேன் தடவின குரலுமாக ஒரு மனிதர். என்ன திட்டினாலும் "புரியுது மேடம்" என்பார். புரியாது. போன தடவை ஆய்வுக்கு வந்தபோது தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "கழிவு அதிகமா இருக்கு மேடம். இதுலதான் உங்க கிளை பின்தங்குது. அடுத்த தடவையும் இப்படி இருந்தா உரிமையைப் புதுப்பிக்கிறது கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது கழிவில்லை, ஐயா, அது மனசாட்சி என்று அவள் சொன்னாள். அவர் அதைத் தன் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் குறித்துக்கொள்ளவில்லை.

கடையில் அவளோடு நின்றது அவளுடைய கொழுந்தன். நாற்பது வயது, வாய் ஓயாத பேச்சு, தங்கமான மனசு. அண்ணி என்றால் உயிர். அவள் எத்தனை வசவு கொடுத்தாலும் டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டு அடுத்த கம்பியைத் தூக்குவான். பேச்சு சுவாரசியத்தில் கம்பியைத் திருப்பிப் போட்டு வண்ண முனையை அறுப்பதும் பெரும்பாலும் அவன்தான்.

அன்று காலை கடைக்கு வந்தது கடைசல்காரர். பக்கத்துச் சந்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர்; குறை சொல்லாமல் ஒரு பொருள் வாங்கினதாகச் சரித்திரமே இல்லை. அவர் அன்று வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"அக்கா, போன வாரம் நீலத்துல ஒரு துண்டு கொடுத்தீங்களே, எங்கேருந்து புடிச்சீங்க அத? வெண்ணெய்தான் போங்க. சீவல் சுருளவே இல்ல. பொடிப்பொடியா உதிருது. அதே கம்பியில இன்னொரு துண்டு வெட்டுங்க."

அவளுடைய கை அளவுகோல் மேலேயே நின்றுவிட்டது. சாதாரண எஃகைச் சீவினால் நீளநீளமாகச் சுருள் வரும், முடி மாதிரி கருவியில் சுற்றிக்கொள்ளும். கடைசல்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டேதான் சீவுவார்கள். பொடியாக உதிர்வது கடைசல் எஃகு. நீலத்தில் அது வர வழியே இல்லை.

"பொடியா உதிருச்சா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"நான் என்ன நேத்தா லேத் புடிச்சேன்? உதிருச்சுக்கா."

அவள் நீலத் தட்டுக்குப் போனாள். கம்பிகளை ஒவ்வொன்றாக முனையைத் தடவிப் பார்த்தாள். ஒரு கம்பியின் நீலம் மட்டும் மற்றவற்றைவிடப் பளிச்சென்று இருந்தது. கம்பெனியிலிருந்து வரும் வண்ணம் மெஷினில் முக்கின மாதிரி சீராக இருக்கும். இதில் பிரஷ் ஓடின தடம் இருந்தது. கம்பியை உருவி எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

"டேய்! இங்க வா!"

கொழுந்தன் வந்தான். கம்பியைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இத யாரு பூசினது?"

"அண்ணி... அந்த ஆளு ஆய்வுக்கு வர்றதா இருந்துச்சுல்ல. தொட்டியில நீளமா ஒண்ணு கிடந்துச்சு. நீலத் தட்டுப் பக்கத்துலதான் வெட்டினேன்னு ஞாபகம். சரி, நீலமாத்தான் இருக்கும்னு..."

"இருக்கும்னு?"

"கழிவு கொறைஞ்சா உங்களுக்கு நல்ல மார்க் வரும்னு நெனச்சேன் அண்ணி. கடை போயிடக்கூடாதுன்னுதான்..."

"மார்க்கா! நான் என்னடா பள்ளிக்கூடமா போறேன்?" அவள் போட்ட சத்தத்தில் கடைசல்காரர் இரண்டடி பின்வாங்கினார். "தெரியலைன்னா தொட்டியில போடுன்னு எத்தனை தடவை தலைதலையா அடிச்சிக்கிட்டேன்? தெரியாததுக்கு நிறம் அடிச்சா அது பொய்டா! நம்ம கடையில நின்னு, என் பேர்ல நீ பொய் சொல்லியிருக்கே!"

அவன் அழுதுவிடுவான் போல நின்றான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. இரக்கத்துக்கு அப்போது நேரமில்லை. கம்பியின் நீளத்தைப் பார்த்தாள். கடைசல்காரருக்குக் கொடுத்த துண்டைவிட அதிகம் குறைந்திருந்தது.

"வேற யாருக்குக் கொடுத்தே இதுல?"

அவன் மென்று விழுங்கினான். "பஸ் டிரைவர் ஒருத்தர் வந்தாரே... நீங்கதான் அவர்கிட்டப் பேசினீங்க."

பேசினாள். நன்றாக ஞாபகம் இருந்தது. ஓட்டுநர் சட்டையோடு, இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்த மனிதர். மனைவிக்கு இடுப்புக்குக் கீழே இயக்கமில்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தூக்கித் தூக்கி அவருக்கு முதுகு போய்விட்டது. ஆளைத் தூக்க ஆஸ்பத்திரிச் சாமான் கடையில் விற்கிற இயந்திரத்தின் விலையைக் கேட்டுவிட்டு, நாமே செய்துகொள்ளலாம் என்று படம் வரைந்து எடுத்து வந்திருந்தார். துணித் தொட்டிலை மாட்டுகிற குறுக்குக் கம்பிக்குத்தான் அந்தத் துண்டு. "இத பத்தவைக்கலாமாம்மா?" என்று அவர் கேட்டார். நீல முனையைப் பார்த்துவிட்டு அவள், "கண்ணை மூடிக்கிட்டுப் பத்தவைங்கண்ணே, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லியிருந்தாள்.

ஒன்றும் ஆகாது. அவள் வாயால் சொன்னது.

விதிப்படி முதலில் ஏரியா மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது மேடம். நீங்க இப்ப எதுவும் செய்யாதீங்க. கஸ்டமர்கிட்ட நேரா பேசக்கூடாது. தப்பு நம்மளோடதுன்னு வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. நான் மேலே எழுதுறேன். சட்டப் பிரிவு பாத்துக்கும். ரெண்டு வாரத்துல ஒரு பதில்..."

"ரெண்டு வாரமா? அந்தம்மா தினமும் குளிப்பாங்களா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை குளிப்பாங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். இதை நீங்களா கையில எடுத்தா ஒப்பந்த மீறல். போர்டை இறக்க வேண்டி வரும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

தன் நல்லதுக்கு என்று இத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்களே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் அவள் நல்லதுக்காகக் கம்பிக்கு வண்ணம் அடிக்கிறான், இன்னொருத்தன் அவள் நல்லதுக்காக வாயை மூடு என்கிறான். நடுவில் யாரோ ஒரு பொம்பளை அந்தரத்தில் தொங்குகிறாள். அவள் போனை வைத்தாள். கடைசல்காரரைக் கடைக்கு வெளியே அனுப்பி ஷட்டரை இழுத்துவிட்டாள். "ஏறுடா வண்டியில" என்று கொழுந்தனிடம் சொன்னாள்.

பஸ் டெப்போவில் நேரக் காப்பாளர், ஊழியரின் வீட்டு விலாசத்தை வெளியாட்களுக்குத் தரக் கூடாது என்றார். அவள் அவருடைய ஜன்னலில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு, எதற்காகக் கேட்கிறாள் என்பதை டெப்போ முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். நின்றுகொண்டிருந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நேரக் காப்பாளர் விலாசம் தந்தார், வழியும் சொன்னார்.

தரைத்தளத்தில் இரண்டே அறை வீடு. கதவைத் திறந்த ஓட்டுநர் அவளை அடையாளம் கண்டுகொண்டு முகம் மலர்ந்தார். "வாங்கம்மா, வாங்க! கரெக்டா வந்தீங்க. உங்க கம்பி எப்படி நிக்குதுன்னு வந்து பாருங்க."

உள்ளே கட்டிலுக்கும் குளியலறைக் கதவுக்கும் நடுவே அது நின்றது. சக்கரம் வைத்த அடிச்சட்டம், நிமிர்ந்த தூண், நீட்டிய கை, கையின் நுனியில் குறுக்குக் கம்பி, அதிலிருந்து தொங்கும் கெட்டித் துணி. எல்லாவற்றுக்கும் பச்சை வண்ணம் அடித்திருந்தார் மனிதர். பக்கத்தில் நாற்காலியில், தோளில் துண்டோடு, அவருடைய மனைவி குளிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தாள். அவரோடு அதே பஸ்ஸில் நடத்துநராக இருந்தவளாம். கால்கள் போனபிறகும் குரல் போகவில்லை. வீட்டுக்குள்ளும் அவள் விசில் கொடுத்தால்தான் அவர் வண்டியை எடுப்பார் போலிருந்தது.

"யாருங்க இது, வாசல்ல நிக்காம உள்ள வரச் சொல்லுங்க" என்றாள் நடத்துநரம்மா.

அவள் உட்காரவில்லை. "அக்கா, இத பயன்படுத்திட்டீங்களா?"

"நேத்துலேருந்து. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. இந்த மனுஷன் கை படாம, அவர் முனகறதக் கேக்காம, நானா குளிக்கப் போனேன். எத்தனை வருஷம் கழிச்சுன்னு அவரைக் கேளுங்க."

"இனிமே ஏறக்கூடாது அக்கா. நாங்க கொடுத்த கம்பி தப்பு. இது பத்தவைக்கிற கம்பியே இல்ல. நிறத்தை மாத்திப் பூசிட்டோம். பத்தவைக்கலாம்னு நான்தான் சொன்னேன். தப்பு எங்களோடது."

ஓட்டுநர் கம்பியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நடத்துநரம்மாவின் முகம்தான் முதலில் மாறியது.

"ஓஹோ. எடுத்துட்டுப் போக வந்தீங்களா?"

"சரியான கம்பியில நாளைக்கே..."

"நாளைக்கு! எல்லாரும் நாளைக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரன் நாளைக்குன்னான், போக்குவரத்துக் கழகத்துல நாளைக்குன்னான், சக்கர நாற்காலி வர எத்தனை நாளைக்கு ஆச்சு தெரியுமா? நேத்து நான் இதுல ஏறினேன். கல்லு மாதிரி நின்னுச்சு. நீங்க யாரோ வந்து நிறம் தப்புங்கிறீங்க. எனக்கு நிறமா முக்கியம்? தொடாதீங்க அத."

"அக்கா, உடையும்."

"எங்க உடையுது? காட்டுங்க."

சொல்லிப் புரியவைக்கிற பொறுமை அவளுக்கு எந்தக் காலத்தில் இருந்தது? செருப்பைக் கழற்றினாள். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். கொழுந்தன், "அண்ணி, வேண்டாம், நான் தொங்கறேன்" என்று ஓடி வந்தான். "நீ பூசினது போதும், தள்ளு" என்றாள். தொட்டில் துணி தொங்கிய குறுக்குக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்துக் கால்களை மடக்கிக்கொண்டு, முழு உடம்பையும் அதன்மேல் விட்டாள். கனத்த உடம்பு. அதைப் பற்றி அவள் எப்போதும் கவலைப்பட்டதில்லை.

ஒன்றும் ஆகவில்லை. தூண் லேசாக முனகியது, அவ்வளவுதான்.

"பாத்தீங்களா?" என்றாள் நடத்துநரம்மா.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உடம்பை ஒரு முறை உதறினாள். பட்டென்று ஒரு சத்தம். பற்றின இடம் இரண்டாகப் பிளந்து, குறுக்குக் கம்பி அவள் கையோடு வந்துவிட்டது. தரை நடுங்க, இடுப்பு அடிபட விழுந்தாள். இயந்திரத்தின் நீட்டிய கையின் நுனி, பச்சை வண்ணம் உரிந்து, உடைந்த இடம் சாம்பல் நிறமாகத் தெரிய, அவள் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் அவளைத் தூக்க வரவில்லை. ஓட்டுநர் உடைந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதன் கீழே சிமெண்டுத் தரை. நேற்று இரண்டு தடவை அவர் மனைவி அதன்மேல்தான் தொங்கினாள்.

"நீங்க மனுஷங்களா?" என்றார், அவ்வளவு நேரம் பசு மாதிரி இருந்த மனிதர். முதலில் மெதுவாகத்தான் கேட்டார். "நான் உங்ககிட்டக் கேட்டேனே! பத்தவைக்கலாமான்னு கேட்டேனே! கண்ணை மூடிக்கிட்டுப் பத்தவைங்கன்னு சொன்னீங்களே! இவளுக்கு என்ன மிச்சம் இருக்கு? அந்தக் கழுத்து ஒண்ணுதான் மிச்சம்! அதையும் ஒடிக்கப் பாத்தீங்களே!" கொழுந்தனின் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவன் தடுக்கவில்லை. சட்டையை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் தரையிலேயே இருந்தாள். இத்தனை வருஷத்தில் யாராவது ஒரு வார்த்தை சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுத்தவள். இப்போது அவர் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க முடியவில்லை. கோபம் முழுக்க அப்படியே இருந்தது, அதை வீசத்தான் இடமில்லாமல் போயிற்று.

பையில் போன் அடித்தது. ஏரியா மேனேஜர். ஒலிபெருக்கியில் போட்டாள்.

"மேடம், கடை மூடியிருக்குன்னு தகவல் வந்தது. நீங்க அந்தக் கஸ்டமர்கிட்ட எதுவும் பேசலையே?"

"பேசிட்டேன். தப்பு எங்களோடதுன்னு சொல்லிட்டேன். கம்பியும் ஒடிஞ்சிருச்சு, அதையும் காட்டிட்டேன்."

"மேடம், இதோட விளைவு என்னன்னு உங்களுக்குத் தெரியும். போர்டு..."

"இறக்கிக்கோங்க. ஏணி வேணும்னா என்கிட்ட இருக்கு." போனை அணைத்தாள்.

அப்போதுதான் அவளுக்குக் கடை போய்விட்டது என்பது உறைத்தது. ரம்பமும் தட்டுகளும் எங்கேயும் போகாது, பலகைதான் போகும். பலகை இல்லாமல் சரக்கு யார் அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. அதை யோசிக்க இன்னும் வேளை வரவில்லை.

"அவ்வளவுதானா சண்டை?" என்றாள் நடத்துநரம்மா. அவள் கண்களில் நீர் இருந்தது, குரலில் இல்லை. "நான் எண்ணெய் தேச்சிட்டு உக்காந்திருக்கேன். உங்க பஞ்சாயத்து முடியறவரைக்கும் இப்படியே ஊறிக்கிட்டு இருக்கவா?"

ஓட்டுநர் எழுந்து வந்தார். மனைவியின் கைகளுக்கு அடியில் கை கொடுத்தார். ஒருமுறை முயன்றார், முதுகு பிடித்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார்.

அவள் தரையில் கையூன்றி எழுந்தாள். இடுப்பு விண்ணென்று தெறித்தது. "தள்ளிக்கோங்கண்ணே" என்றாள். கொழுந்தனைக் கால் பக்கம் போகச் சொன்னாள். தான் பின்னால் நின்று இரண்டு கைகளையும் அந்தம்மாவின் அக்குளில் கொடுத்து, நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் தூக்கினாள். வருஷக்கணக்காகக் கம்பி தூக்கின பழக்கம். எண்ணெய் பூசின உடம்பு அவள் சட்டையில் வழுக்கியது. இவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"மெதுவா" என்றாள் நடத்துநரம்மா, அவள் காதுக்குப் பக்கத்திலேயே, பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் கம்பி இல்ல."

"சரிக்கா" என்றாள் அவள்.